முப்பது நொடி ஆயில் சர்வீஸும் உள்ளே தங்கும் பழைய ஆயிலும்

ரைடிங் மோவரில், அதாவது மேலே உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டியில், ஆயில் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை, அழுக்கான வேலை. அமெரிக்கப் புறநகரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல்லோடு வீடு வாங்கியவர்கள் அதை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போவது அதனால்தான். வடிகால் திருகு எஞ்சினின் அடிவயிற்றில், இரும்புச் சட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒளிந்திருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் நேராகப் பாத்திரத்தில் விழாது. சட்டத்தின் மேல் ஓடி, பெல்ட்டை நனைத்து, நாலு இடத்தில் சொட்டும். ஃபில்டரைத் திருகி எடுத்தால் இன்னும் இரண்டு கரண்டி ஆயில் முன்பக்கம் வழிந்து சைலன்சரில் போய்ச் சேரும். அடுத்த முறை வண்டியைக் கிளப்பியதும் வருகிற புகையைப் பார்த்து எஞ்சினே போய்விட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

எளிய ஆயில் சர்வீஸ் என்று சந்தையில் விற்கும் எல்லாமே இந்த அழுக்கைக் குறைக்கத்தான். மூன்று வழிகள் இருக்கின்றன: கேனிஸ்டர், வடிகால் வால்வும் குழாயும், உறிஞ்சும் பம்ப். இவற்றில் அதிகம் பேசப்படுவது முதலாவது. டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் தன் வீட்டு உபயோக லான் டிராக்டர்களில், இரட்டை சிலிண்டர் எஞ்சின் உள்ள சில மாடல்களுக்குக் கொடுக்கும் ஈஸி சேஞ்ச் முறை அது. முப்பது நொடியில் ஆயில் மாற்றலாம் என்று விளம்பரம் சொல்கிறது. நேரத்தைப் பொறுத்தவரை அது மிகையில்லை. கேட்க வேண்டிய கேள்வி, அந்த முப்பது நொடியில் எவ்வளவு ஆயில் மாறுகிறது என்பது.

கேனிஸ்டர் கணக்கு

வழக்கமான ஃபில்டர் இருக்கும் இடத்தில் ஃபில்டரும் ஆயிலும் ஒன்றாக அடங்கிய ஒரு டப்பா. எஞ்சின் ஆறியதும் ஹூடைத் தூக்கி, டப்பாவை இடப்பக்கமாகத் திருப்பி இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொள்வதால் சிந்தாது. புதிய டப்பாவில் ஆயில் ஏற்கெனவே நிரப்பியிருக்கும். வைத்துத் திருப்பி, டிப்ஸ்டிக் என்ற அளவுக் கம்பியில் அளவு பார்த்தால் வேலை முடிந்தது. ஸ்பானர் வேண்டாம், புனல் வேண்டாம், கந்தல் துணி வேண்டாம்.

ஆனால் இப்படி மாறுவது ஏறக்குறைய 0.8 குவார்ட், நம் கணக்கில் முக்கால் லிட்டர். இந்த அளவு எஞ்சின்கள் பொதுவாகக் கொள்ளும் ஆயில் 2 குவார்ட்டுக்கு அருகில். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு புதுசு, மூன்று பங்கு பழசு. டப்பா சேர்வதால் மொத்த ஆயில் அளவு கூடுகிறது, ஆயிலின் சூடும் குறைகிறது, அதனால் மிச்சம் இருப்பதில் பாதகமில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனாலும் பழைய தோசை மாவுப் பாத்திரத்தைக் கழுவாமல் அதன் மேலேயே புது மாவைக் கொட்டுகிற வேலை இது. எத்தனை நாள் புளித்த மாவு அடியில் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தோசை.

அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடும் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 40 விழுக்காடு ஆயில் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை மாற்றிய பிறகு நிலைமை ஒரு சமநிலைக்கு வரும். டப்பா மாற்றிய அன்றைக்கே எஞ்சினுக்குள் இருக்கும் ஆயிலின் சராசரி வயது 75 மணி. அடுத்த டப்பா மாற்றும் நாளில் 125 மணி. மணிக்கணக்கைப் பார்த்து 50-இல் மாற்றுகிறோம் என்று நினைத்திருப்போம். எஞ்சின் சுமப்பது அதைப்போல் இரண்டரை மடங்கு வயதான ஆயில்.

இது பயமுறுத்தும் எண்ணா? ஆளைப் பொறுத்தது. 42 அங்குல டெக் (கத்திகள் சுழலும் அடிப்பெட்டி) உள்ள டிராக்டர் ஒரு ஏக்கரை வெட்ட ஒரு மணி நேரம் எடுக்கும் என்று கொள்ளலாம். ஒஹையோ, பென்சில்வேனியா பக்கம் ஏப்ரல் பாதியிலிருந்து அக்டோபர் வரை வாரம் ஒருமுறை, ஆகஸ்ட் வெயிலில் புல் தூங்கும் வாரங்களைக் கழித்தால் வருடத்துக்கு 25 மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம். இவர்களுக்கு 50 மணி என்ற கெடு வருவதற்குள் வருடத்துக்கு ஒருமுறை என்ற கெடு வந்துவிடும். 25 மணிக்கு ஒருமுறை டப்பா மாறினால் சராசரி வயது மாற்றிய அன்று 37.5, மாற்றப்போகும் அன்று 62.5 மணி. இதே அளவு எஞ்சின்கள் சிலவற்றின் கையேடே 100 மணிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும்போது, 62 மணி ஆயில் எஞ்சினைக் கெடுத்துவிடாது.

டெக்ஸஸில் மூன்று ஏக்கர் பெர்முடா புல்லை மார்ச்சிலிருந்து நவம்பர் வரை வெட்டுகிறவர் கதை வேறு. அவருக்கு வருடம் 100 மணி ஓடும், வெயிலும் கூட. அவர் டப்பாவை மட்டும் நம்பினால் 125 மணி ஆயிலில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பரிந்துரை இது: வருடம் 30 மணிக்குள் ஓட்டுகிறவர்கள் டப்பாவை நிம்மதியாகப் பயன்படுத்தலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் முழுதாக வடித்து நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஓட்டுகிறவர்கள் வருடம் ஒருமுறையாவது முழுதாக வடிக்க வேண்டும். பணக் கணக்கிலும் டப்பா மலிவு அல்ல. சாதாரண ஃபில்டரும் 2 குவார்ட் ஆயிலும் சேர்ந்து ஆகும் செலவைவிட அதன் விலை கூடுதல். கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவான ஆயில். கொடுக்கிற காசு கை அழுக்காகாமல் இருப்பதற்கு.

ஏன் இவ்வளவு அவசரமாக மாற்ற வேண்டும்

காரில் 7,500 மைல், 10,000 மைல் என்று ஓட்டுகிறோம், இதற்கு மட்டும் 50 மணியா என்று கேட்பார்கள். 60 மைல் வேகத்தில் 50 மணி நேரம் கார் ஓட்டினால் 3,000 மைல். அந்தக் காரில் நாலைந்து லிட்டர் ஆயிலும், சூட்டைத் தாங்க ரேடியேட்டரும், தேவைக்கேற்ப வேகம் மாறும் எஞ்சினும் உண்டு. மோவரில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர்தான் ஆயில். குளிர்விப்பது காற்று மட்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் வைத்த வேகத்தில் நிற்காமல் ஓடுகிறது, தூசியும் புல்தூளும் சூழ.

இன்னொன்று, இந்த எஞ்சின்கள் பலவற்றில், பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அலுமினியம். காரில் இருப்பதுபோல் தனி பேரிங் பட்டை இல்லாமல் அந்த அலுமினியமே நேராக கிராங்க்கின் மேல் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆயில் படலம் மட்டுமே. அது மெலிந்தாலோ அறுந்தாலோ ராடு பிடித்து உடைந்து, பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு எஞ்சினையே மாற்றுவதுதான் வழி.

குழாய் வைத்தவன் கெட்டிக்காரன்

கேனிஸ்டர் இல்லாத வண்டிகளில் உண்மையான எளிமை வடிகாலில் இருக்கிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் உள்ள பல டிராக்டர்களில் எஞ்சினின் பக்கவாட்டில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வால்வு ஒன்று இருக்கும். அதன் மூடியை எடுத்துவிட்டு, அரை அங்குல உள்விட்டம் கொண்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்ட வேண்டும். வால்வை உள்ளே அமுக்கி, இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வெளியே இழுத்தால் திறக்கும். ஆயில் குழாய் வழியே நேராகப் பாத்திரத்துக்குப் போகும். புது வண்டியோடு வரும் பையில் கையேட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் குழாய் கிடக்கும். அது எதற்கென்று தெரியாமல் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு வால்வை வெறுமனே திறந்து தரையெல்லாம் ஆயிலாக்கிக்கொள்வது வழக்கமான விபத்து. குழாயை இழந்தவர்கள் ஹார்டுவேர் கடையில் இரண்டு அடி தெளிவான வினைல் குழாய் வாங்கினால் போதும். அடிக்கணக்கில் வெட்டித் தருவார்கள்.

அந்த மஞ்சள் வால்வுக்கு ஒரு பலவீனம் உண்டு. வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வரும், உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கல்லாகும். மூடிய பிறகும் சொட்டுப் போட்டால் திரும்பத் திரும்ப இறுக்காதீர்கள், வால்வையே மாற்றுங்கள்.

வால்வே இல்லாமல் வெறும் சதுரத் திருகு மட்டும் இருக்கும் பழைய வண்டிகளுக்கு ஒரு பழைய வைத்தியம்: திருகைக் கழற்றிவிட்டு, அதே மரையில் நாலு அல்லது ஆறு அங்குல இரும்புக் குழாய்த் துண்டைத் திருகி, முனையில் மூடி போட்டுவிடுவது. வடிகால் சட்டத்துக்கு வெளியே வந்துவிடும். பல எஞ்சின்களில் அந்த மரை 3/8 அங்குலக் குழாய் மரைதான். ஆனாலும் கழற்றிய திருகைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. குழாய் மரை போகப் போக அகலும் வகை. எஞ்சின் அடிப்பகுதி அலுமினிய வார்ப்பு. பலமாக இறுக்கினால் வார்ப்பு விரிசல் விடும். டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் துணுக்கு அறுந்து உள்ளே போகும்.

உறிஞ்சும் பம்ப் மூன்றாவது வழி. கையால் அடித்து வெற்றிடம் உண்டாக்கும் ஒரு டப்பா, அதிலிருந்து மெல்லிய குழாய். டிப்ஸ்டிக் குழாய் வழியே அடி தட்டும்வரை உள்ளே விட்டு, பத்து இருபது முறை அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். இரண்டு லிட்டர் வர ஐந்திலிருந்து பத்து நிமிடம். வண்டிக்குக் கீழே குனியவே வேண்டாம், திருகு எதையும் தொட வேண்டாம். எந்த எஞ்சினானாலும் ஒத்துவரும். ஈஸி சேஞ்ச் வண்டியை முழுதாக வடிக்க நினைப்பவர்களுக்கும் இதுவே சுலபம். குறை என்னவென்றால், குழாயின் முனை அடியில் எங்கே போய் நிற்கிறதோ அதற்குக் கீழே உள்ள ஆயில் வராது. கசடு தங்குவதும் அங்கேதான். குழாயைக் கொஞ்சம் இழுத்து, திருப்பி, மறுபடி விட்டு இரண்டாவது முறை உறிஞ்சினால் இன்னும் கொஞ்சம் வரும். ஆயில் ஆறியிருந்தால் பம்ப் திணறும்.

இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், எங்கள் ஓட்டு வால்வுக்கும் குழாய்க்கும். செலவு சில டாலர், வடிவது முழு ஆயில்.

வேலை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கராஜுக்கு முன்னால் உள்ள கார்ப்பாதை சற்றுச் சரிவாக இருப்பது சகஜம், அது உதவாது. ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். சூடேறிய ஆயில் தண்ணீர்போல் ஓடும், மிதக்கும் அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். ஆறிய ஆயில் மட்டும் வந்து கசடு உள்ளேயே படியும். அதற்காக ஒரு மணி நேரம் புல் வெட்டிவிட்டு உடனே கை வைக்க வேண்டாம், சைலன்சர் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும். சாவியை எடுத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றி ஒதுக்குங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் ஒயர் இரண்டு.

டிப்ஸ்டிக்கை எடுத்து அதன் வாயைச் சுற்றித் துடைத்துவிட்டு, திறந்தபடியே வைத்துவிட்டு வடிகாலைத் திறங்கள். காற்று உள்ளே போனால்தான் ஆயில் வேகமாக வரும். சொட்டு நிற்கும்வரை, பத்து நிமிடமாவது விடுங்கள். வடிவதைப் பாருங்கள்: டிகாஷன் நிறம் என்றால் ஒன்றுமில்லை. கறுப்பாக இருப்பது ஆயில் தன் வேலையைச் செய்திருப்பதற்கு அடையாளம். பால் சேர்த்த டீ நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயில் படும்போது உலோகத் தூள் மினுமினுத்தால் உள்ளே எதுவோ தேய்கிறது. புது எஞ்சினின் முதல் ஆயிலில் கொஞ்சம் மினுமினுப்பது மட்டும் இயல்பு. முதல் ஆயிலைச் சீக்கிரமே, பல எஞ்சின்களில் 5 முதல் 8 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்வதும் அந்தத் தூளுக்காகத்தான்.

வடித்ததை அளந்து பாருங்கள் என்று யாரும் சொல்வதில்லை. பால் வாங்கிய கேலன் கேனில் ஊற்றினாலே அளவு தெரிந்துவிடும். 64 அவுன்ஸ் (1.9 லிட்டர்) கொள்ளும் எஞ்சினிலிருந்து 45 அவுன்ஸ்தான் வந்தது என்றால் ஒன்று எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அல்லது உள்ளே மிச்சம் நிற்கிறது. எதுவென்று தெரியாமல் முழு 64-ஐயும் ஊற்றினால் வம்பு.

ஃபில்டருக்குக் கீழே ஒரு அட்டையையோ அலுமினியத் தாளையோ வாய்க்கால்போல் மடித்துச் செருகினால் வழிவது பாத்திரத்துக்குப் போகும். அதைவிடச் சுத்தமான வழி, ஃபில்டரை முக்கால் சுற்று தளர்த்திவிட்டு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையால் மூடி, பைக்குள்ளேயே திருகி எடுப்பது. கையால் அசையாத ஃபில்டருக்குத் தலைமேல் மாட்டும் கிண்ண வகை ஸ்பானர் போதும். ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருப்புவது கடைசி வழிகூட அல்ல. தகடு கிழிந்து, மரை உள்ள தட்டு மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும்.

பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையமும் வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால், கிளப்பிய ஒரு நிமிடத்துக்குள் ஆயில் முழுதும் பீய்ச்சி வெளியே வந்துவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, அது முகத்தைத் தொடும்வரை திருகி, அதற்குப் பிறகு அரையிலிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. பிரிக்ஸ் எஞ்சின்களில் பரவலாக வரும் குட்டை ஃபில்டரின் எண் 492932எஸ். இடமிருந்தால் அதற்குப் பதில் 696854 என்ற நீளமானதைப் போடலாம், மரை ஒன்றுதான். ஃபில்டரே இல்லாத சின்ன ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்கு ஆயில்தான் ஒரே காவல், தூசியிலும் கடும் வெயிலிலும் ஓட்டுகிறவர்கள் 25 மணிக்கே மாற்றுவது நல்லது.

ஊற்றும் அளவு: பிரிக்ஸின் பெரிய ஒற்றை சிலிண்டர்களுக்கு 48 அவுன்ஸ், அதாவது 1.4 லிட்டர்; இரட்டை சிலிண்டர்களுக்கு 64 அவுன்ஸ், 1.9 லிட்டர். 48 அவுன்ஸ் பாட்டில் கடையில் தனியாக விற்பது இதற்காகவே. உங்கள் எஞ்சின் எது என்பதை வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய டிராக்டருக்குள் கோலர் எஞ்சினும் இருக்கலாம், கவாசாக்கி எஞ்சினும் இருக்கலாம். எஞ்சின் மூடியில் அச்சடித்த எண்தான் நம்பகமானது. அளவு எதுவானாலும் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் முதலில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேல் குறிக்குக் கொண்டுவாருங்கள். பிளக் ஒயர்களை மாட்டி ஒரு நிமிடம் ஓட்டி, ஃபில்டர் அடியிலும் வால்விலும் கசிவு பார்த்துவிட்டு அணையுங்கள். ஃபில்டர் தன் பங்குக்கு ஆயில் குடித்திருக்கும், குறி சற்று இறங்கும். அதை நிரப்பி முடியுங்கள்.

டிப்ஸ்டிக் சொல்லும் பொய்

இந்த வேலையில் அதிகம் பேர் தப்பு செய்யும் இடம் இதுதான். திருகு மரை உள்ள டிப்ஸ்டிக்கை முழுதாகத் திருகிப் பார்ப்பதா, மரைமேல் சும்மா உட்காரவைத்துப் பார்ப்பதா? எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பிரிக்ஸ் கையேடுகள் பெரும்பாலும் முழுதாக உட்காரவைத்து இறுக்கிப் பார்க்கச் சொல்லும். கவாசாக்கி எஃப்.ஆர் வரிசைக்குத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும். முறை மாறினால் குறி அரை அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். இறுக்கிப் பார்க்க வேண்டிய எஞ்சினில் திருகாமல் பார்த்தால் ஆயில் குறைவதாகத் தோன்றி, தேவையில்லாமல் ஊற்றிவிடுவோம்.

இரண்டாவது பொய் குழாயிலிருந்து வருவது. ஆயிலை ஊற்றும் குழாயும் டிப்ஸ்டிக் குழாயும் ஒன்றாக இருக்கும் வண்டிகளில், சுவரில் ஒட்டிய ஆயில் டிப்ஸ்டிக்கில் பூசிக்கொண்டு, நிரம்பிவிட்டதுபோல் காட்டும். துடைத்து, பொறுத்து, இரண்டாவது முறை பார்த்ததுதான் கணக்கு. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் ஈரம் தெரிந்தால் தாழ்ந்த பக்கத்தை நம்புங்கள்.

கூடினால் என்ன ஆகும்? கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். மிகுதி மூச்சுக்குழாய் வழியே ஏர் ஃபில்டருக்குப் போய் அதை ஊறவைக்கும், சைலன்சரில் நீலப்புகை வரும். மேல் குறிக்கு ஒரு நூல் ஏறியிருந்தால் பயமில்லை. அரை அங்குலம் ஏறியிருந்தால் வால்வையோ பம்பையோ வைத்து எடுத்தே ஆக வேண்டும்.

எந்த ஆயில்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டை ஓயாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். காற்றுக் குளிர்விப்பு எஞ்சினுக்கு வெயில் காலத்தில் எஸ்.ஏ.இ 30 என்ற தடிமன் எண் உள்ள ஆயில் நல்லது. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது கெட்டியாகி எஞ்சின் கிளம்பத் திணறும். 10டபிள்யூ-30 குளிரில் சுலபமாகக் கிளப்பும், ஆனால் 27 டிகிரிக்கு மேல் ஆயில் செலவு கூடலாம், அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். சிந்தெடிக் 5டபிள்யூ-30 இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். மோவர் ஆயில் என்று படம் போட்ட பாட்டிலுக்குத் தனி மந்திரம் எதுவும் இல்லை, தரக்குறியும் எண்ணும் கையேட்டோடு ஒத்துப்போனால் சரி. ஆயிலோடு கலக்கும் திரவம் என்று தனியாக விற்கும் எதையும் ஊற்ற வேண்டாம்.

புதுசாக மாற்றிய ஆயில் ஏன் பெட்ரோல் நாறுகிறது

ஆயில் மாற்றி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் ஏறியிருக்கும், தண்ணீராய்ச் சொட்டும், மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. அதிகமாக ஊற்றிவிட்டோம் என்று நினைத்துக் கொஞ்சம் வடித்துவிட்டுப் புல் வெட்டப் போவதுதான் பலரும் செய்வது. எஞ்சினைக் கொல்லும் வழிகளில் அது முதல் வரிசை.

கார்புரேட்டரில் மிதவையோடு சேர்ந்த ஊசி ஒன்று பெட்ரோலை நிறுத்தும். அதன் நுனி தேய்ந்தாலோ அழுக்கு மாட்டினாலோ, வண்டி சும்மா நிற்கும்போதுகூட டேங்கிலிருந்து பெட்ரோல் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலோடு சேரும். மெலிந்த ஆயில் அந்த அலுமினிய ராடைக் காப்பாற்றாது. சிலிண்டரே பெட்ரோலால் நிறைந்திருந்தால் திரவம் அமுங்காது என்பதால் சாவியைத் திருப்பும்போது ஒரு டங் சத்தத்தோடு எஞ்சின் நின்றுவிடும். ராடு வளையவும் செய்யலாம்.

செய்ய வேண்டியது: வண்டியைக் கிளப்பாதீர்கள். ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள் அல்லது கார்புரேட்டரை மாற்றுங்கள். டேங்கிலிருந்து வரும் கால் அங்குலக் குழாயின் நடுவில் கையால் மூடும் ஒரு வால்வைப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் மூடினால் கசிவு வந்தாலும் எஞ்சினுக்குள் போகாது. அதன்பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் முழுதாக மாற்றுங்கள், நேற்றுத்தான் மாற்றியது என்றாலும். ஈஸி சேஞ்ச் டப்பா இங்கே எதற்கும் உதவாது, பெட்ரோல் கலந்த ஆயிலில் ஐந்தில் மூன்று பங்கு உள்ளேயே இருக்கும். இந்த வடிப்பைப் பழைய ஆயில் வாங்கும் கடைகளும் பொதுவாக ஏற்காது, பெட்ரோல் கலந்ததை உள்ளூர் அபாயக் கழிவு மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

தொடக் கூடாத திருகு

எஞ்சினுக்கு ஓர் ஆயில், பின்சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் பெட்டிக்கு வேறோர் ஆயில். பின்பக்கம் தென்படும் திருகை எஞ்சின் வடிகால் என்று நினைத்துக் கழற்றிவிட்டு, எஞ்சினில் இன்னும் இரண்டு லிட்டரை ஊற்றினால் ஒரே நாளில் இரண்டு சேதம்: பெட்டி காய்ந்துபோகும், எஞ்சின் நிரம்பி வழியும். வீட்டு டிராக்டர்களில் பரவலாக வரும் டஃப் டார்க் கே46 பெட்டிக்கு வடிகால் திருகே கிடையாது. அதன் ஆயிலை மாற்ற வேண்டுமென்றால் பெட்டியையே கழற்றிக் கவிழ்க்க வேண்டும். அதை எஞ்சின் சர்வீஸோடு சேர்த்து நினைக்கவே வேண்டாம்.

சாதாரணப் பழைய ஆயிலை மூடி உள்ள கேனில் ஊற்றி எடுத்துப்போனால் ஆட்டோஸோன், ஓ'ரெய்லி போன்ற உதிரிபாகக் கடைகளின் பெரும்பாலான கிளைகளில் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். ஒருமுறை மாற்றும் ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஃபில்டரைக் குப்புறக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு அதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

எப்போது மாற்றுவது? பனி விழும் ஊர்களில் வசந்தத்தில் மாற்றுவதுதான் வழக்கம். நாங்கள் அக்டோபர் கடைசி வெட்டுக்குப் பிறகு மாற்றச் சொல்வோம். ஓடிய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும், அதை ஐந்து மாதம் பேரிங்கின்மேல் ஊறவிடுவதில் லாபமில்லை. மாற்றிய பிறகு இரண்டு நிமிடம் ஓட்டினால் புது ஆயில் எல்லா இடத்திலும் பூசிக்கொள்ளும். தேதியையும், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மணிமானியின் எண்ணையும் ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அப்படியே எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து, குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே அடைத்திருக்கும் காய்ந்த புல்லைத் துடைத்தெடுங்கள். அங்கே காற்று போகாவிட்டால் எத்தனை நல்ல ஆயிலும் கருகும். குளிர்காலத்தில் எலி கூடு கட்டுவதும் அதே இடத்தில்தான், அதனால் ஏப்ரலில் முதல்முறை கிளப்பும் முன் அந்த மூடியை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.